பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

மனைவி: கிளட்ச்... கிளட்ச்சை மிதிங்கன்னு சொன்னேன். அது பிரேக்.

கணவர்: ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே.

மனைவி: ரெண்டு இல்லைங்க, மூணு இருக்கு.

கணவர்: மூணாவது எதுக்கு?

மனைவி: போறதுக்கு! அது இல்லாம எப்படிப் போவீங்க? சரி, இடது காலை மெதுவா எடுங்க. மெதுவா... மெது... ஐயோ!

பின்சீட்: அருமை ஐயா!

மனைவி: என்ன அருமை? வண்டி ஆஃப் ஆயிடுச்சு.

பின்சீட்: நின்ன விதம் அருமையா இருந்துச்சும்மா. ஒரு கம்பீரம்.

மனைவி: உங்களைப் பின்னாடி உட்கார்ந்து பாதுகாப்பு பாக்கச் சொன்னாங்களா, கைதட்டச் சொன்னாங்களா?

பின்சீட்: பாதுகாப்புதாம்மா. கைதட்டறது... அது தானா வந்துடுது.

கணவர்: அவரை விடு. இப்போ நான் என்ன பண்ணணும்?

மனைவி: சாவியைத் திருப்புங்க. மறுபடி முதல்லேருந்து. விடிஞ்சும் விடியாம தட்டி எழுப்பி, "வண்டி ஓட்டக் கத்துக்குடு"ன்னா நான் என்னன்னு நினைக்கறது? கனவு கினவு கண்டீங்களா?

கணவர்: ஆசையா இருந்துச்சு. ஒரு மனுஷன் ஆசைப்படக்கூடாதா?

மனைவி: கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்றேன். "நீதான் இருக்கியே"ன்னு ஏறி உட்கார்ந்து கேஸ் கட்டைப் பிரிச்சிடுவீங்க. கோர்ட் வாசல்ல இறக்கி விட்டாதான் நிமிர்ந்தே பாப்பீங்க. டிரைவிங் ஸ்கூல் வெச்சு ஊர்ல பாதிப் பேருக்குக் கத்துக்குடுத்தேன். கட்டின புருஷனுக்கு மட்டும் கத்துக்குடுக்க முடியல.

கணவர்: அதான் இப்போ வந்துட்டேனே, டீச்சர்.

மனைவி: அறுபது வயசுக்கு மேல வந்திருக்கீங்க. கண்ணாடியைப் பாருங்க. ரிவர்ஸ்ல எடுத்துத் திருப்பணும். பின்னாடி பாத்து... வலது பக்கம் ஒடிங்க. வலது! சோறு சாப்பிடற கை!

கணவர்: நான் எந்தக் கையால சாப்பிடறேன்னே இப்போ மறந்து... என்ன சத்தம் அது?

மனைவி: தொட்டி. உடைஞ்சு போச்சு.

பின்சீட்: அந்தத் தொட்டியை அங்க வெச்சிருக்கக்கூடாது ஐயா.

மனைவி: பத்து வருஷமா அங்கதாங்க இருக்கு!

பின்சீட்: அதைத்தாம்மா நானும் சொல்றேன். ரொம்ப நாளா ஒரே இடத்துல இருக்கு.

மனைவி: கேட்டுக்கிட்டீங்களா?

கணவர்: அவர் தொட்டியைப் பத்திச் சொல்றார்.

மனைவி: நானும் தொட்டியைப் பத்தித்தான் கேட்டேன்.

பின்சீட்: நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனாம்மா?

மனைவி: இல்ல தம்பி. இன்னைக்குத்தான் முதல் தடவையா சரியா ஒண்ணு சொல்லியிருக்கீங்க. பெல்ட் போட்டிருக்கீங்களா?

பின்சீட்: ரெண்டு போட்டிருக்கேன்மா. பக்கத்து சீட்டுதையும் சேர்த்து.

மனைவி: சரி, முதல் கியர். பின்வாசல் வழியா வெளியில போறோம்.

கணவர்: வெளியிலயா? தோட்டத்தையே இன்னும் ரெண்டு சுத்து...

மனைவி: தோட்டத்துல இனி உடைக்கறதுக்குத் தொட்டி இல்ல. போங்க. கேட் வருது, நேரா பிடிங்க.

கணவர்: சல்யூட் அடிக்கறாங்களே...

மனைவி: அடிக்கட்டும். நீங்க கையைத் தூக்காதீங்க! ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல... ஏங்க!

கணவர்: பழக்கதோஷம்.

பின்சீட்: அவங்க முகத்தைப் பாத்தீங்களா ஐயா? நாட்டோட அதிபரே எல் போர்டு மாட்டிட்டு வண்டி ஓட்டிட்டு வர்றாரேன்னு அப்படியே மெய்மறந்து நிக்கறாங்க.

மனைவி: எங்க நிக்கறாங்க? ஓடறாங்க. அதோ, ஒருத்தர் சுவர் மேலயே ஏறிட்டார்.

கணவர்: நம்ம பாதுகாப்பு வண்டிங்க எங்க?

பின்சீட்: பின்னாடி தள்ளி வருது ஐயா. நீங்க சொன்ன மாதிரி ஒட்டாம, தெரியாம.

மனைவி: ரொம்பத் தள்ளியே வரட்டும். இவர் திடீர்னு நிறுத்துவார்... ரெண்டாவது கியர் போடுங்க. அப்படித்தான். பரவாயில்லையே! இப்போ மூணாவதுக்குப் போகலாமா?

கணவர்: இதோ பாரு, காலங்காத்தால அந்தப் பேச்சு வேண்டாம். நான் இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல. மசோதா மேஜையில இருக்கு. சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. அதுக்குள்ள நீயும் ஆரம்பிச்சா...

மனைவி: கியரைச் சொன்னேங்க.

கணவர்: ...ஓ.

மனைவி: மூணாவது கியர். இந்தா, இப்படி மேல.

கணவர்: சரி சரி.

மனைவி: ஆனா நீங்களே பேச்சை எடுத்துட்டீங்க. மூணாவது தடவை நிக்கறதுக்குச் சட்டத்தை மாத்தி, சபையில கையும் தூக்கி அனுப்பிட்டாங்க. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. போடப்போறீங்களா, இல்லையா?

கணவர்: ரோட்டைப் பாத்து ஓட்டணும்னு நீதானே சொன்னே?

மனைவி: ரோட்டைப் பாருங்க. வாயால பதில் சொல்லுங்க.

கணவர்: இந்த ரோடு ஏன் இப்படிக் குண்டும் குழியுமா இருக்கு? நம்ம வீட்டுக்குப் பின்னாடி இருக்கற ரோடு! தலைநகர்ல ஒரு குழிகூட இல்லைன்னு போன மாசம்தான் அறிக்கை கொடுத்தாங்க.

மனைவி: யாரு?

கணவர்: பொதுப்பணி அமைச்சர்.

மனைவி: அவர் எந்த வாசல் வழியா வந்து கொடுத்தார்?

கணவர்: ...முன்வாசல்.

மனைவி: முன்வாசல் ரோட்டுக்கு வருஷா வருஷம் தார் போடறாங்க. உங்க வண்டி எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் ரோடு வழவழன்னு இருக்கும். பொய் சொன்னார்னுகூட நான் சொல்லல. உங்க காதுக்கு எது இதமா இருக்கும்னு எல்லாருக்கும் பழகிப்போச்சு, அவ்வளவுதான். இடது பக்கம் ஒடிங்க, பெரிய குழி!

கணவர்: பாத்துட்டேன்.

மனைவி: பாத்துட்டே இறக்கினீங்க.

பின்சீட்: ஆஹா... சஸ்பென்ஷன் நல்லா வேலை செய்யுது ஐயா.

மனைவி: தம்பி, போன்ல என்ன பண்றீங்க?

பின்சீட்: ஒண்ணும் இல்லம்மா. வீட்டுக்கு ஒரு மெசேஜ்.

மனைவி: என்னன்னு?

பின்சீட்: "பிள்ளைங்களை நல்லா படிக்க வை"ன்னு.

கணவர்: யோவ்!

மனைவி: சிரிக்காதீங்க, ஸ்டீயரிங் ஆடுது. முதல் வருஷம் ஞாபகம் இருக்கா? அந்த நிதியம்மா... உங்க நிதியமைச்சர். உங்க முகத்துக்கு நேரா, "இது முடியாது, கணக்கு உதைக்குது"ன்னு பேசுவாங்க. நம்ம சமையலறை வரைக்கும் சத்தம் கேக்கும்.

கணவர்: வாயாடி. ஆனா மூளைக்காரி.

மனைவி: எங்க இப்போ?

கணவர்: வெளிநாட்டுல ஏதோ காலேஜ்ல பாடம் நடத்தறாங்க.

மனைவி: ஏன் போனாங்க?

கணவர்: அவங்களுக்கு... இங்க இடம் போதல.

மனைவி: இடம் எங்கேருந்து வரும்? நடுவுல நீங்க உட்கார்ந்திருக்கீங்க. "எனக்கு அப்புறம் ஆளே இல்லையே"ன்னு தினமும் புலம்பறீங்க. இருந்த ஆளுங்க எல்லாம் காத்திருந்து காத்திருந்து தலை நரைச்சு, ஒருத்தர் வெளிநாடு போயிட்டார், ஒருத்தர் கோழிப்பண்ணை வெச்சுட்டார். மிச்சம் இருக்கறவங்க நீங்க ஜோக் சொல்லி முடிக்கறதுக்கு முன்னாடியே சிரிக்கறவங்க.

கணவர்: என் ஜோக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கும்.

மனைவி: தம்பி?

பின்சீட்: ...இந்தத் தெரு அமைதியா இருக்கும்மா.

கணவர்: சரி, நான் கேக்கறேன். பாலம் பாதியில நிக்குது. அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பத்தான் அஸ்திவாரம். நடுவுல விட்டுட்டுப் போறது பொறுப்பா?

மனைவி: அடுத்து வர்றவங்க கட்டினா பாலம் தண்ணிக்குள்ள போயிடுமா? அதுவும் இல்லாம, எப்பவாவது எல்லாம் முடிஞ்சிருக்கா? இந்தப் பாலம் முடிஞ்சா இன்னொரு பாலம் பாதியில நிக்கும். ஒரு நாடு முழுசா கட்டி முடிச்சப்புறம்தான் இறங்குவேன்னா அப்புறம் யாருமே இறங்க முடியாது. ஹாரன் அடிங்க, முனை வருது.

கணவர்: அனுபவம்னு ஒண்ணு இருக்குல்ல? முதல் ரெண்டு வருஷம் எனக்கு ஒண்ணுமே தெரியாது. எந்தக் கோப்பு எங்க தூங்குது, யாரு யார்கிட்ட என்ன பேசறாங்க... இப்பத்தான் எல்லாம் கைக்கு வந்திருக்கு.

மனைவி: இது நியாயமான பேச்சு.

கணவர்: அப்பாடா.

மனைவி: ஆனா கைக்கு வந்தது நாட்டை நடத்தற வித்தை மட்டுமா? யாரை எங்க தட்டினா வாயை மூடுவாங்கன்னும் கைக்கு வந்திருக்கும்ல?

கணவர்: நான் அப்படியெல்லாம் பண்ணது கிடையாது.

மனைவி: நிறைய பண்ணது கிடையாது. போன வருஷம் அந்தக் கார்ட்டூன் போடற பையன்...

கணவர்: அது நான் சொல்லிப் பண்ணல! "இவன் தொல்லை தாங்கல"ன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மறுநாள் அவன் வேலை போயிடுச்சு.

மனைவி: முதல் வருஷத்துல நீங்க சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னா அது பேச்சாவே இருந்துச்சு. இப்போ நீங்க பெருமூச்சு விட்டாகூட யாருக்காவது வேலை போகுது. நீங்க மாறிட்டீங்கன்னு நான் சொல்லல. உங்களைச் சுத்தி எல்லாம் மாறிடுச்சு.

கணவர்: சரி, இதுக்குப் பதில் சொல்லு. ஜனங்களுக்கு நான் வேணும்னா? அவங்களே ஓட்டுப் போட்டு மறுபடி கூப்பிட்டா? வேண்டாம்னு சொல்ல நீ யாரு, நான் யாரு? "உனக்குப் பிடிச்ச ஆளைத் தேர்ந்தெடுக்காதே"ன்னு ஜனங்களைத் தடுக்கறதுதான் ஜனநாயகமா?

மனைவி: ம்... இதுதான் உங்களோட நல்ல கேள்வி.

கணவர்: கோர்ட்ல இதுக்கு எதிர்வாதமே வராது.

மனைவி: நான் வக்கீல் இல்ல, டிரைவிங் டீச்சர். என்கிட்ட கத்துக்கிட்டு லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போறவங்களுக்கு நானே டெஸ்ட் வெச்சு, நானே மார்க் போட்டு, நானே ரோட்டை மூடி வெச்சுக்கிட்டா எல்லாரும் பாஸ்தான். தேர்தல் நடத்தற அதிகாரியைப் போட்டது யாரு? நீங்க. டிவியில காலையிலேருந்து யார் முகம்? உங்க முகம். அரிசி மூட்டையில யார் படம்? நீங்க பல்லைக் காட்டிட்டு இருக்கீங்க. எதிர்ல நிக்கறவர் ஒரு கூட்டம் போடணும்னா மைதானம் கிடைக்கல, மழைன்னு சொல்லிட்டாங்க.

கணவர்: அன்னைக்கு மழை பெஞ்சுச்சு.

மனைவி: உங்க கூட்டத்துக்கும் பெஞ்சுச்சு. குடை கொடுத்தாங்க.

பின்சீட்: என்கிட்ட இன்னும் ரெண்டு குடை இருக்கு ஐயா.

கணவர்: நீ யார் பக்கம்யா?

பின்சீட்: நான் பின்பக்கம் ஐயா.

மனைவி: இருங்க, எனக்கே ஒண்ணு ஞாபகம் வருது. இந்த "ரெண்டு தடவைதான்"ங்கற வரியைச் சட்டத்துல எழுதினதே நீங்கதானே? கறுப்பு கோட் போட்டுட்டு, தாடி வெச்சுட்டு, அந்தக் கமிட்டியில...

கணவர்: அது அந்தப் பழையவருக்காக எழுதினது. இருபத்தஞ்சு வருஷம் நாற்காலியை விடாம உட்கார்ந்திருந்தார். அவரை மாதிரி இன்னொருத்தர் வந்துடக்கூடாதுன்னு எழுதினேன். எனக்காக எழுதல.

மனைவி: அவரும் ஆரம்பத்துல நல்லவர்தான்னு நீங்களே சொல்வீங்க. பள்ளிக்கூடமா கட்டினாராம். உங்க ஸ்காலர்ஷிப்பே அவர் கொடுத்ததுதானே?

கணவர்: ஆமா... முதல் பத்து வருஷம் தங்கமான மனுஷன்.

மனைவி: ...

கணவர்: என்ன பேசாம இருக்கே?

மனைவி: நீங்க சொன்னதை நீங்களே ஒரு தடவை கேக்கணும்னுதான்.

கணவர்: நான் அவர் மாதிரி ஆகமாட்டேன். என் மேல உனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லையா?

மனைவி: கொஞ்சம் கீழ பாருங்க. என் காலுக்கிட்ட.

கணவர்: என்ன அது?

மனைவி: பிரேக். டிரைவிங் ஸ்கூல் வண்டிங்க இது. உங்க பக்கம் ஒண்ணு, என் பக்கம் ஒண்ணு. எனக்கு முன்னாடி ஸ்கூலை நடத்தின எங்கப்பா வண்டி வாங்கும்போதே மாட்டினார். யாரு கத்துக்க வருவாங்கன்னு அப்போ அவருக்குத் தெரியுமா? நல்லா ஓட்டறவங்களும் வந்தாங்க, மோசமா ஓட்டறவங்களும் வந்தாங்க. "எனக்கு நல்லா வரும், உங்க பக்கத்துப் பிரேக்கைக் கழட்டுங்க"ன்னு யாராவது கேட்டா கழட்டிடுவாரா? அவருக்காகக் கழட்டினா அடுத்த நாள் வர்றவனுக்கும் அது இருக்காதே. நீங்க நல்லவராவே இருங்க. இன்னும் இருபது வருஷம் தங்கமாவே ஆண்டுட்டுப் போங்க. அப்புறம் ஒருத்தன் வருவான்ல... கழட்டின வண்டியிலதான் ஏறுவான். இப்போ பிரேக் போடுங்க. சிக்னல்.

கணவர்: எங்க?

மனைவி: எதிர்ல! சிவப்பு! நிறுத்துங்க!

கணவர்: நின்னுட்டேன், நின்னுட்டேன்.

மனைவி: நான் நிறுத்தினேன்.

கணவர்: நாம ஏன் நிக்கறோம்?

மனைவி: சிவப்பு விளக்குக்கு நிக்கணும்ங்க.

கணவர்: அது தெரியும். இவ்வளவு நேரமாவா எரியும்?

பின்சீட்: நீங்க வரும்போதெல்லாம் பச்சையாவே வெச்சிருப்போம் ஐயா.

கணவர்: பத்து வருஷமாவா? நான் என்னவோ டிராஃபிக்கை நல்லா சீர் பண்ணிட்டோம்னு நினைச்சிட்டு இருந்தேன். போன கூட்டத்துலகூடப் பெருமையாச் சொன்னேனே...

மனைவி: ஜனங்க கைதட்டினாங்களா?

கணவர்: தட்டினாங்க.

மனைவி: பச்சை விழுந்தாச்சு, எடுங்க. கிளட்ச்... மெதுவா... ஆஃப் ஆயிடுச்சு. பதட்டப்படாதீங்க. மறுபடி.

வேன்காரர்: யோவ்! எடுய்யா வண்டியை! வீட்டுல சொல்லிட்டு வந்தியா?

கணவர்: என்னையா சொல்றார்?

வேன்காரர்: உன்னைத்தான்யா பெருசு! ஓட்டத் தெரியலன்னா இறங்கி வேற ஆளுகிட்ட கொடு! நீயே பிடிச்சுட்டு நின்னா பின்னாடி இருக்கறவன் எப்பய்யா போறது?

பின்சீட்: ஐயா, நான் இறங்கி அந்த ஆளை...

கணவர்: உட்காருய்யா! யாரும் இறங்கக்கூடாது. பின்னாடி வர்ற வண்டிக்கும் சொல்லிடு. அவரை ஒண்ணும் பண்ணக்கூடாது, பேரைக்கூடக் கேக்கக்கூடாது.

பின்சீட்: சரிங்க ஐயா.

மனைவி: கிளட்ச்... ஆங்... அப்படித்தான். கிளம்பிட்டோம்.

கணவர்: கேட்டியா? "பெருசு"ன்னான்!

மனைவி: கோவமா?

கணவர்: கோவமா? உடம்பெல்லாம் சிலிர்க்குது. யாராவது என்னைத் திட்டி எத்தனை காலம் ஆச்சு! உன்னைத் தவிர.

மனைவி: நானும் குறைச்சுட்டேன். திட்டினா சுவருக்கெல்லாம் காது இருக்குமோன்னு.

கணவர்: எனக்கு இப்போ ஒரு உண்மை தெரிஞ்சாகணும். யோவ், பின்சீட்டு. மனசுல கை வெச்சுச் சொல்லு. நான் எப்படி ஓட்டறேன்?

பின்சீட்: அற்புதமா...

கணவர்: உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. அம்மா சாட்சி.

மனைவி: நான் சாட்சி தம்பி.

பின்சீட்: ...கேவலமா ஓட்டறீங்க ஐயா.

கணவர்: அப்படிப் போடு!

பின்சீட்: எங்க வீட்டுல என் அம்மா பழைய தையல் மெஷினை மிதிப்பாங்க. அதுல இதைவிட நிதானமா போகலாம்.

மனைவி: அடடே!

பின்சீட்: இன்னொண்ணும் சொல்லவா ஐயா?

கணவர்: சொல்லு, சொல்லு.

பின்சீட்: உங்க பேச்சு ரொம்ப நீளம். ஒவ்வொரு கூட்டத்துலயும் கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு நிக்கறேனே, அது பாதுகாப்புக்கு இல்ல. நான் தூங்கறது தெரியக்கூடாதுன்னு. அப்புறம் அந்த ஆட்டுக்குட்டி ஜோக்...

கணவர்: ஆட்டுக்குட்டி ஜோக்குக்கு என்ன?

பின்சீட்: அது யாருக்குமே புரியல ஐயா. மந்திரிங்களுக்கும் புரியல. வெளியில வந்து ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கறாங்க.

கணவர்: போதும்யா. ஒரே நாள்ல இவ்வளவு உண்மை தாங்காது.

மனைவி: ஓரமா நிறுத்துங்க. அந்த மைதானத்துக்குப் பக்கத்துல, மரத்தடியில. கை பிரேக். ஆங். தம்பி, நீங்க இறங்கிப் போய் ஒரு காபி குடிங்க. உங்க முகமே வெளுத்துப் போயிருக்கு.

பின்சீட்: நன்றிம்மா. போகும்போது நான் பின்னாடி வர்ற வண்டியில வந்துடறேன். தப்பா நினைக்காதீங்க ஐயா... உங்களுக்காக உயிரைக் கொடுக்க நான் தயார். ஆனா இந்த மாதிரி இல்ல.

கணவர்: போய்யா, போ.

மனைவி: ...நல்ல பையன்.

கணவர்: ம்.

மனைவி: ஏங்க.

கணவர்: ம்?

மனைவி: சிரிப்பெல்லாம் போதும். நான் பயந்து போயிருக்கேன். வீட்டுல பேச முடியல. எப்பப் பாத்தாலும் யாராவது காபி கொண்டு வர்றாங்க, இல்ல கதவுக்கு வெளியில நிக்கறாங்க. இன்னைக்கு நீங்களா வந்து கூப்பிட்டதும், சரி, இந்த வண்டியில வெச்சுக் கேட்டுடலாம்னு வந்தேன். கையெழுத்து போட்டுடாதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்.

கணவர்: நீ கெஞ்ச வேண்டாம்.

மனைவி: நீங்க நல்லது பண்ணீங்க. ஊர் அதைச் சொல்லும். ஆனா இன்னும் அஞ்சு வருஷம் போனா, அதைச் சொல்றவங்க மனசாரச் சொல்றாங்களா, பயந்து சொல்றாங்களான்னு நமக்கே தெரியாமப் போயிடும். அப்புறம் என்னைக்கோ ஒரு நாள் இறங்கித்தானே ஆகணும்? அப்போ இறங்கப் பயமா இருக்கும். அந்தப் பயத்துலதான் அந்தப் பழையவர் கடைசியில என்னெல்லாமோ பண்ணார். நாளைக்கு நாமளும் இதே ரோட்டுல, இதே குழியில, இதே வேன்காரர்கிட்ட திட்டு வாங்கிட்டுப் போகணும். அது ஒண்ணும் அவமானம் இல்லைங்க. அதுதான் நம்ம வாழ்க்கை.

கணவர்: நான்தான் கெஞ்ச வேண்டாம்னேனே. திருப்பி அனுப்பிட்டேன்.

மனைவி: எதை?

கணவர்: மசோதாவை. கையெழுத்து போடாம. இன்னைக்கு விடியக்காலையில, உன்னை எழுப்பறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. இந்நேரம் சபாநாயகர் படிச்சிட்டுத் தலையைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருப்பார். ஏய்... அழறியா என்ன?

மனைவி: மேஜையில இருக்குன்னு சொன்னீங்களே!

கணவர்: மேஜையிலதான் இருக்கு. சபாநாயகர் மேஜையில.

மனைவி: ஒரு மணி நேரமா தொண்டைத் தண்ணி வத்தப் பேசிட்டு வந்தேனே, அப்பவே சொல்லக்கூடாதா?

கணவர்: நான் பண்ணது சரிதானான்னு உன் வாயால கேக்கணும்னு இருந்துச்சு. அதான் எல்லா எதிர்வாதத்தையும் எடுத்து விட்டேன். அந்த ஓட்டு விஷயத்துல உன்னை மடக்கிடுவேன்னு நினைச்சேன்.

மனைவி: கோர்ட் புத்தி போகல... அப்போ நாம வீட்டுக்குப் போறோம்? நம்ம வீட்டுக்கு?

கணவர்: போறோம். நீ ஸ்கூலைத் திறக்கலாம். முதல் மாணவன் ரெடி.

மனைவி: உங்களுக்கு டபுள் ஃபீஸ்... இருங்க. நீங்க சொல்லிட்டீங்க. நானும் ஒண்ணு மறைச்சு வெச்சிருக்கேன்.

கணவர்: என்ன?

மனைவி: கோவப்படக்கூடாது. நேத்து சாயங்காலம் கட்சிச் செயலாளர் என்னைப் பாக்க வந்தார்.

கணவர்: ...ம்.

மனைவி: "ஐயா ஒருவேளை கையெழுத்து போடலைன்னா, நீங்க நில்லுங்கம்மா"ன்னார். "உங்க பேர்ல ஜெயிச்சுடலாம், சட்டத்துக்கும் பங்கம் இல்ல. நீங்க உட்கார்ந்தா போதும், மத்ததெல்லாம் ஐயா பின்னாடி இருந்து பாத்துப்பார்"னு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்!

கணவர்: என்ன சொன்னே?

மனைவி: "அப்போ நான் யாரு, அவர் கழட்டி மாட்டற சட்டையா"ன்னு கேட்டேன். "ரெண்டு தடவைதான்னு சட்டம் சொன்னா, மூணாவது தடவைக்குப் பொண்டாட்டி பேரை எழுதிக்கோன்னு அர்த்தமா"ன்னு கேட்டேன். மனுஷன் காபியைக்கூடக் குடிக்காம ஓடிட்டார்.

கணவர்: நல்ல கேள்விதான்.

மனைவி: பாவம், அவரைத் திட்டிடாதீங்க. அவருக்கு அவ்வளவு மூளை கிடையாது. யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்காங்க. அந்தக் குறுக்குப் புத்திக்காரன் மட்டும் யாருன்னு தெரிஞ்சா... ஏன் வேர்க்குது உங்களுக்கு?

கணவர்: அவரை அனுப்பினது நான்தான்மா. அவர் திரும்பி வந்து, "அம்மா விரட்டிட்டாங்க ஐயா"ன்னு சொன்னப்புறம் ராத்திரி பூரா தூக்கமே இல்ல. விடியக்காலையிலதான் அந்த மசோதாவைத் திருப்பி அனுப்ப மனசு வந்துச்சு... நீ மட்டும் நேத்து சரின்னு சொல்லியிருந்தா, எனக்கு எதுக்குடி டிரைவிங்?